பதக்கப் பட்டியலில் இல்லாதவர்கள்

1920 ஆகஸ்டு 1 அன்று காந்தியடிகள் வைசிராய்க்குத் திருப்பியளித்த பதக்கங்கள் மூன்று. கெய்சர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கத்தை நாம் அறிவோம். பாடநூல்கள் பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகின்றன. மற்ற இரண்டும் தென்னாப்பிரிக்காவில் காயம்பட்டோரைச் சுமந்த பணிக்கானவை. ஒன்று போயர் போருக்கு, மற்றது 1906 சூலு கிளர்ச்சிக்கு.

1899 இறுதியில் நேட்டாலில் திரண்ட இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் இருந்தனர். சுமார் 300 பேர் சுதந்திர இந்தியர். எஞ்சியோர் அனைவரும் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்டோரை ஸ்ட்ரெச்சரில் சுமந்துகொண்டு நாளொன்றுக்கு 20, 25 மைல் நடக்க நேர்ந்ததாகக் காந்தியே தம் சுயசரிதையில் எழுதுகிறார். ஸ்பியான் காப் சண்டையின்போது குண்டு விழும் எல்லைக்குள்ளேயே பணி. ஜெனரல் புல்லர் தம் அறிக்கையில் படையைப் பாராட்டினார். போர்ப் பதக்கமோ தலைவர்களாக நின்ற ஏறக்குறைய நாற்பது பேருக்கே கிட்டியது.

சுமந்தவர்கள் யார்? 1860 முதல் நேட்டால் சென்ற கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஆகவே அத்தோள்களில் பல தமிழ்த் தோள்கள் என்று கொள்வதில் பிழையில்லை. அவர்கள் பெயரற்றவர்களும் அல்லர். எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர் என ஒவ்வொன்றையும் கப்பல் பதிவேடுகள் குறித்து வைத்திருக்கின்றன. தோட்ட முதலாளிக்கு அவை தேவைப்பட்டன.