காலிச் சீருடை

யுத்தகாலச் சுவரொட்டியைக் கலை விவகாரமாக எடுத்துக்கொள்ள நம் விமர்சகர்களுக்குத் தயக்கம். பிரச்சாரம் என்ற ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ஒரு பிம்பம் மனிதனை எதுவரை இழுத்துச் செல்லும் என்பதில் அக்கறை உள்ளவன் அதைப் பார்க்காமல் போக முடியாது.

ஆல்ஃப்ரட் லீட் வரைந்த கிச்சனர் படம் 1914 செப்டம்பர் 5 அன்று ‘லண்டன் ஒப்பீனியன்’ பத்திரிகையின் அட்டையில் வந்தது. பிறகே சுவருக்குப் போயிற்று. மீசை, நேர்ப்பார்வை, நீட்டிய விரல். எங்கே நின்று பார்த்தாலும் விரல் பார்ப்பவனையே சுட்டும். யுத்தம் எதற்கு என்ற கேள்வி படத்தில் இல்லை. அதன் இடத்தில், நீ ஏன் இன்னும் இங்கே நிற்கிறாய் என்ற கேள்வி. முதல் கேள்வியை இரண்டாவதால் மறைப்பதுதான் இந்தக் கலையின் சூட்சுமம்.

கிச்சனர் நீலகிரிக்கு அந்நியரல்ல. 1902 முதல் 1909 வரை இந்தியாவின் பிரதம தளபதி அவர். அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை அவர் காலத்தில் எழுந்தது. அவர் தொடங்கிய ராணுவ அதிகாரிகள் கல்லூரி தேவ்லாலி, குவெட்டா என்று இடம் மாறி, பிரிவினையை ஒட்டி 1947இல் வெலிங்டனுக்கு வந்தது. குன்னூரில் ரயிலேறி ஊட்டிக்குப் போகிறவன் அடுத்தடுத்த இரு ஸ்டேஷன்களில் அந்த மீசையின் நிழலைக் கடக்கிறான்.

ஆனால் இந்தியனுக்குக் காட்டப்பட்ட படம் வேறு. அதே யுத்தத்தின்போது உருதுவில் அச்சான ஒரு சுவரொட்டியில் சீருடை, துப்பாக்கி, பணம் மூன்றும் இருக்கின்றன. இவற்றை யார் பெறுவார், பட்டாளத்தில் சேர்கிறவர் என்பது வாசகத்தின் சாரம். படத்தில் ஆள் இல்லை. ஆங்கிலேயனுக்கு மனசாட்சி உண்டென்று ஒப்புக்கொண்டு அதைக் குத்தியது லீட்டின் படம். இதுவோ பசியைக் கணக்குப் பார்த்தது. மாதக் கடைசியில் வங்கிக் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்தக் கணக்கு புரியும். இரண்டில் நேர்மையான படம் எதுவென்றால் உருதுப் படத்தையே சொல்வேன். அது அவமதிக்கிறது, ஆனால் லட்சியம் பேசி ஏமாற்றவில்லை.

அந்தச் சீருடைக்குள் யார் நுழையலாம் என்பதும் பிம்பத்தால்தான் தீர்மானமாயிற்று. 1881 முதல் 1885 வரை சென்னை ராணுவத்தின் தளபதியாக இருந்து, வெயில் காலத்தில் ஊட்டியில் வாசம் செய்த ராபர்ட்ஸ், தென்னாட்டானுக்குப் போர்க்குணம் இல்லை என்ற முடிவுக்கு வந்தவர். பிறகு அவர் இந்தியாவுக்கே பிரதம தளபதியானார், அபிப்பிராயம் கொள்கையாயிற்று. 1911இல் லவெட்டின் வண்ணச் சித்திரங்களோடும் மக்மன்னின் உரையோடும் வந்த ‘இந்தியாவின் படைகள்’ சிப்பாய்களை இனவாரியாக நிறுத்திக் காட்டியது. முதல் யுத்தம் முடிந்ததும் சிக்கனத்தின் பேரில் சென்னை ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது.

இரண்டாம் யுத்தத்தில் ஆள் போதவில்லை. 1939இல் சுமார் 2 லட்சமாக இருந்த இந்திய ராணுவம் 1945க்குள் 25 லட்சமாக வளர்ந்தது. 1942 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை ரெஜிமென்ட் மறுபடி உயிர்பெற்றது. நேற்றுவரை போர்க்குணம் இல்லாதவன் இன்று ‘வீர மதராஸி’. 1947இல் அதன் பயிற்சி மையமும் வெலிங்டனுக்கே வந்தது. ராபர்ட்ஸ் வாசம் செய்த அதே மலையில் ‘அடி கொல்லு’ என்ற முழக்கம் எழுந்தது. மனிதன் மாறவில்லை, தேவை மாறிற்று. படம் தேவையின் பின்னால் போயிற்று.

பிரச்சாரப் படம் எல்லாமே இப்படித்தானா? பாரதியின் ‘இந்தியா’ 1906இல் தொடங்கியது. அதன் கேலிச் சித்திரங்களும் பிரச்சாரம்தான். ஆனால் அவற்றோடு உரைநடையில் ‘சித்திர விளக்கம்’ வரும். நமக்கு அது படத்தின் பலவீனமாகப் படலாம். விளக்கம் வேண்டாத படமே நல்ல படம் என்று பழகியிருக்கிறோம். எனக்கு அதுவே அதன் பலம். காரணம் எழுத்தில் வந்துவிட்டால் வாசகன் மறுத்துப் பேசலாம். கிச்சனரின் விரலை மறுத்துப் பேச இடமில்லை. ஒன்று போகவேண்டும், இல்லையேல் கூசி நிற்கவேண்டும்.

உருதுச் சுவரொட்டியின் கீழ் அப்படியொரு விளக்கம் அச்சாகியிருந்தால், சம்பளத்துக்கு அடுத்த வரியில் பிரான்சின் சேறும் மெசப்பொட்டேமியாவின் வெயிலும் வந்திருக்க வேண்டும். அந்த யுத்தத்தில் இறந்த இந்தியச் சிப்பாய்கள் 70,000க்கும் மேல். படத்தில் ஏன் ஆளை வரையவில்லை என்பதற்கு அதுவே போதுமான பதில்.