இரண்டு குரல்களும் ஒரு பாதையும்

இரு வயல்களுக்கு நடுவே உள்ள வரம்பு உறுதியாக இருக்கும்வரை ஒன்றின் நீர் மற்றதற்குச் செல்வதில்லை. வரம்பு இற்றுப்போனாலோ, மடை அடைத்திருந்தும் நீர் பாயும். மின்சாரம் ஏந்திச் செல்லும் ஒலிக்கும் இவ்வியல்பு உண்டு. பழைய வால்வு மின்பெருக்கியில் ஒலியளவுக் குமிழைச் சுழியத்துக்குத் திருப்பிய பின்னரும், கிற்றாரின் நாதம் எங்கிருந்தோ மெல்லென எழுவதைக் கேட்டுத் திகைத்தோர் பலர். வால்வு பழுதென்று கருதி அதனை மாற்றுவர், நாதம் நிற்பதில்லை. இக்கசிவின் வரலாறு கிற்றார் மின்பெருக்கியை விட மிகப் பழையது. அவ்வரலாற்றை அறிந்தவனுக்கே பழுது இருக்குமிடமும் எளிதிற் புலப்படும்.

1876ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். தொடக்ககாலத் தொலைபேசிப் பாதைகளிற் பெரும்பாலானவற்றுக்கு ஒரு கம்பியே இருந்தது. மின்னோட்டம் திரும்பி வருவதற்கு நிலமே வழியாயிற்று. அருகே சென்ற தந்திக் கம்பிகளும் அந்நிலத்தையே பயன்படுத்தியமையால், பேசுவோர் செவியில் தந்தியின் தட்டொலியும் அயலார் உரையாடலும் புகுந்தன. ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியே இரு கம்பிகள் அமைத்து, அவற்றை ஒன்றோடொன்று முறுக்கிவிடும் முறைக்குப் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். பொதுவாயிருந்த பாதை தனிப்பாதை ஆனதும் குரல்கள் பிரிந்தன. இரு குரல்கள் கலக்குமிடத்தில் இரண்டுக்கும் பொதுவான ஏதோவொன்று இருக்கும் என்பதே இத்துறை கற்ற முதற்பாடமாகும்.

1906இல் அமெரிக்கரான லீ டி பொரஸ்ட், வெற்றிடக் குழாயினுள் கதோட்டுக்கும் அனோட்டுக்கும் இடையே நெய்யரி எனப்படும் மெல்லிய கம்பிவலையை அமைத்தார். நெய்யரிக்கு வரும் சிறு அசைவு அனோட்டிற் பேரசைவாக மாறும். இவ்வகைக் குழாய் மேலும் செம்மையாக்கப்பட்டு, 1915இல் நியூயோர்க்கையும் சான் பிரான்சிஸ்கோவையும் இணைத்த தொலைபேசிப் பாதையிற் பணிபுரிந்தது. ஆயினும் குழாயின் உள்ளேயே ஒரு கசிவு இருந்தது. அருகருகே நிற்கும் இரு உலோகப் பகுதிகள் தாமாகவே ஒரு சிறு கொள்ளளவியாக, அதாவது வானொலி திருத்துவோர் கண்டென்சர் என்று வழங்கும் பொருளாக, அமைந்துவிடுகின்றன. அனோட்டுக்கும் நெய்யரிக்கும் இடையே உள்ள அச்சிறு அளவு, குழாயின் பெருக்கத்தால் பன்மடங்காகத் தோற்றும் என்பதை 1920இல் ஜோன் மில்லர் எடுத்துக்காட்டினார். பின்னாளிற் பெருவழக்குப் பெற்ற 12ஏஎக்ஸ்7 என்னும் வால்வில் இவ்வளவு ஏறத்தாழ 1.7 பைக்கோபரட்டு ஆகும். வால்வு 60 மடங்கு பெருக்கும்போதோ அது 100 பைக்கோபரட்டுப் போலத் தொழிற்படுகிறது.

அடுத்த இடர் வேறு வடிவில் வந்தது. ஒரே கம்பியிற் பல உரையாடல்களை அனுப்பும் முறை தோன்றியபோது, அவை யாவும் ஒரே மின்பெருக்கியினூடாகச் செல்ல வேண்டியதாயிற்று. மின்பெருக்கி சிறிது திரிபு செய்தாலும் ஓர் உரையாடலின் சிதறல் மற்றதில் விழுந்தது. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரோல்ட் பிளாக், 1927 ஓகஸ்ட் 2ஆம் நாள் காலையில் அட்சன் ஆற்றைப் படகிற் கடக்கையில் இதற்குத் தீர்வு கண்டார். வெளிவரும் ஒலியின் ஒரு பகுதியை எதிர்மாறாக உள்ளே திருப்பி அனுப்பினால் திரிபு தன்னைத்தானே குறைத்துக்கொள்ளும் என்னும் அக்கருத்தைக் கையிலிருந்த செய்தித்தாளிலேயே அவர் எழுதினார். 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை அவருக்கு 1937இலேதான் கிடைத்தது.

இவ்வறிவெல்லாம் கலிபோர்னியாவில் புலர்ட்டன் நகரத்து வானொலி திருத்தும் கடையொன்றை வந்தடைந்தது. அதனை 1938 அளவில் நடத்தத் தொடங்கிய லியோ பெண்டர், பின்னர் கிற்றார்களும் அவற்றுக்கான மின்பெருக்கிகளும் செய்தார். 1952இல் அவரது தொழிலகம் பாஸ்மன் என்னும் மின்பெருக்கியை வெளியிட்டது. 1950களின் இறுதியில் வந்த அதன் 5எஃப்6-ஏ அமைப்பையே முன்மாதிரியாகக் கொண்டு, லண்டனில் ஜிம் மார்சலின் கடையினர் 1962 அளவில் தம் முதல் மின்பெருக்கியை ஆக்கினர்.

அவ்வமைப்பில் இரு வழிகள் உண்டு. முதல் வால்வின் ஒரே கண்ணாடிக் கூட்டினுள் இரு பகுதிகள் இருந்தன. வழிக்கு ஒரு பகுதி. ஆனால் இரு பகுதிகளின் கதோட்டுகளும் 820 ஓம் கொண்ட ஒரே தடையினூடாகவே நிலத்தை அடைந்தன. அத்தடையோடு பக்கமாக இணைக்கப்பட்ட 250 மைக்ரோபரட்டுக் கொள்ளளவியே இங்கு வரம்பு. அது ஒலியின் அசைவை உடனே நிலத்துக்கு அனுப்பிவிடும். கதோட்டில் அசைவு தேங்காது. இத்தகைய கொள்ளளவியின் உள்ளே ஈரமான மின்பகுபொருள் உண்டு. ஆண்டுகள் செல்ல அது உலர்கிறது. உலர்ந்தபின் ஒரு வழியின் அசைவு பொதுத் தடையில் தேங்கி, மற்ற வழியின் கதோட்டையும் அசைக்கிறது. அனோட்டுகளுக்கு மின் வழங்கும் பொதுப் பாதையிலுள்ள கொள்ளளவி உலர்ந்தாலும் இதுவே நிகழும். சில வேளைகளில் இயந்திரப் படகு செல்வது போன்ற தொடர் ஒலியும் எழும்.

ஆதலால் தேர்ந்த திருத்துநர் முதலிற் கேட்பது, இரு வழிகளுக்கும் பொதுவானது யாது என்பதையே. கிற்றாரை முதல் வழியில் இணைத்து, அதன் குமிழைச் சுழியத்தில் வைத்து, இரண்டாம் வழியின் குமிழை உயர்த்துவார். நாதம் அதனோடு உயருமாயின் கலப்பு குமிழ்களுக்கு முன்னரே நிகழ்கிறது. முதல் வால்வின் பொதுக் கதோட்டும், அதன் மின்வழங்கலும், உள்ளே செல்லும் கம்பிகளும் ஐயத்துக்குரியன. இரு குமிழ்களும் சுழியத்தில் இருக்கையிலும் நாதம் கேட்குமாயின், குமிழின் நிலத்தொடர்பு தளர்ந்திருக்கலாம். அன்றிப் பிற்பகுதிக் கம்பிகள் நெருங்கிக் கிடக்கலாம். உலர்ந்த மரக்குச்சியாற் கம்பியை மெல்ல ஒதுக்கும்போது ஒலி மாறினால் இரண்டாவதே காரணம். கதோட்டுக் கொள்ளளவியில் ஐயமெனின், மின்னை நிறுத்திப் புதியதொன்றைப் பக்கமாக இணைத்துப் பார்ப்பார். கசிவு மறைந்தால் பழைய கொள்ளளவி உலர்ந்துவிட்டது என்பது தெளிவு. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்வது அவர் நெறி.

இங்கு ஓர் எச்சரிக்கை இன்றியமையாதது. இக்கருவிகளின் உள்ளே 400 உவோற்றுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டு. மின்னிணைப்பை நீக்கிய பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். தொட்டவன் உயிரையே கொள்ளும். அவற்றைத் தடையொன்றின் மூலம் வெறுமையாக்கி, அளந்து பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். அம்முறை அறியாதோர் மூடியைத் திறவாதிருத்தலே அறிவுடைமை.

முதியதொரு கருவி பழுதுறும்போது எல்லாவற்றையும் களைந்து புதிதாக்குவோரும் உளர். அங்ஙனம் செய்கையிற் பழுதோடு அக்கருவிக்கே உரிய குரலும் போய்விடுவதுண்டு. கருவி புதிதாக இருந்த நாளிலேயே சிறிது கசிவு இருந்தது. சிக்கனம் கருதி இரு வழிகளையும் ஓரிடத்திற் சேர்த்தவர்கள் அதனைப் பொறுத்துக்கொண்டார்கள். முதுமையால் வந்த கசிவு வேறு. பிறப்போடு வந்த கசிவு வேறு. முன்னதைத் திருத்தி, பின்னதை அதன் இயல்பாக ஏற்றுக்கொள்பவரே நல்ல திருத்துநர். வரம்பு இற்ற வயலுக்கு வேண்டுவது வரம்பைக் கட்டுவதேயன்றி, வயலையே வெட்டி மாற்றுவதன்று.