குறிநோக்கிச் சூத்திரம்: விளக்கவுரை

கழுத்தொடு தலையே குறியென வுணர்ந்து
மழுங்கல் விடியலின் மணியொடு நில்லாது
புள்ளி ஒன்றுடை நோக்கி கொள்க;
தள்ளாக் கன்னம் கட்டையிற் படியத்
தாழ வைத்து நெய்யறத் துடைத்துச்
சூழ்ந்த அளவின் முறுக்குக திருகே;
தாளிற் கண்ட செறிவின் நடுவே
கோளுறப் புள்ளி கொணர்ந்த பின்னரே
காடு புகுதல் கடனென மொழிப.

இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், அமெரிக்க நாட்டார் இளவேனிற் பருவத்துக் காட்டு வான்கோழிச் சேவலை வேட்டையாடக் கொண்டுசெல்லும் ஷாட்கன்மேல் குறிநோக்கி தேர்ந்து பொருத்துமாறு உணர்த்துதல் நுதலிற்று. வான்கோழி என்றது பண்ணையில் இரையிட்டு வளர்ப்பதனை அன்று. மரத்தின்மேல் உறங்கி, பொழுது புலருமுன் குரலெழுப்பி, இறங்கி நடக்கும் காட்டுப் பறவையை.

கழுத்தொடு தலையே குறியென வுணர்ந்து என்பது: கழுத்தும் தலையும் அன்றிப் பிறிது குறியில்லை என்று தெளிந்து. ஒடு எண்ணுப்பொருட்டு. ஏகாரம் பிரிநிலை, அஃது உடலைப் பிரித்து நீக்கிற்று. நீக்கியது என்னையெனின், மார்புத் தசையும் இறகும் ரவையைத் தாங்கிக்கொள்ளும்; பறவை புண்பட்டு ஓடி எவர்க்கும் உதவாது புதரில் மடியும். மூளையிலும் கழுத்தெலும்பிலும் பட்ட ரவையோ உடனே வீழ்த்தும். வாத்தும் காடையும் பறக்கையில் எய்வான் துப்பாக்கியை வீசிக்கொண்டே சுடுவான். அவனுக்குக் குறிநோக்கி வேண்டா. ஈண்டுப் பறவை நிலத்தில் நிற்பது, குறி சிறிது, சுடுவானும் மரத்தடியில் அசையாது அமர்ந்தவன். ஆகலின் ஷாட்கன்னே ஆயினும் ரைபிள்போல் குறிபார்க்க வேண்டிற்று. அற்றேல் ரைபிளையே கொள்ளாமை என்னையெனின், அதன் குண்டு நெடுந்தொலைவு செல்லும். வேட்டுவர் பலரும் இலைநிற ஆடையில் மறைந்திருக்கும் காட்டில் அது பேரிடர். பெரும்பாலான மாநிலங்கள் இளவேனில் வேட்டையில் அதனை விலக்கியமை இதுபற்றி.

மழுங்கல் விடியலின் மணியொடு நில்லாது என்பது: ஒளி மழுங்கிய வைகறையில், குழல்முனை மணி ஒன்றே போதும் என்று அமையாது. பல மாநிலங்களில் ஞாயிறு தோன்றுதற்கு அரைமணி முன்னரே சுடலாம் என்பது விதி. அப்பொழுது பித்தளை மணி இருளில் கரையும். 'நில்லாது' என்றாரன்றிக் 'களைந்து' என்றிலர். மணி இருக்கவே வேண்டும் என்பது பெற்றாம். நோக்கியின் பேட்டரி தீர்ந்துழி அதுவே துணை.

புள்ளி ஒன்றுடை நோக்கி கொள்க என்பது: ஒளிப்புள்ளி ஒன்றனை மட்டும் உடைய ரெட் டாட் என்னும் கருவியைத் தேர்க. ஒன்று என்றது வட்டமும் கோடும் நிறைந்த ஆடிகளை விலக்கிற்று. புள்ளியின் அளவு எம்.ஓ.ஏ. என்னும் கோண அளவால் கூறப்படும். 1 எம்.ஓ.ஏ. என்பது 100 கெஜத்தில் ஏறக்குறைய 1.05 அங்குலம், வான்கோழி வேட்டையின் பழைய எல்லையாகிய 40 கெஜத்தில் 0.42 அங்குலம். ஆகவே 3 எம்.ஓ.ஏ. புள்ளி அங்கு ஒன்றேகால் அங்குலத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி இரண்டரை அங்குலத்தை மறைத்துக் குறியையே ஏறக்குறைய விழுங்கும். 2 அல்லது 3 கொள்வது தக்கது.

'கொள்க' என்னும் வியங்கோள் எல்லார்க்கும் ஒப்பச் செல்லுமோ எனின், செல்லாது. அஸ்டிக்மாட்டிசம் என்னும் கண்குறை உடையார்க்கு அப்புள்ளி வால்நீண்ட தீற்றலாகத் தோன்றும். அவர் உருப்பெருக்காத பிரிசம் நோக்கியோ, 1 முதல் 4 மடங்கு வரை பெருக்கும் சிறு ஸ்கோப்போ கொள்வர். ஸ்கோப் கொள்வார் கண்ணுக்கும் ஆடிக்கும் இடைவெளி நிரம்ப இருத்தலை நோக்குக. மூன்றரை அங்குலத் தோட்டாவின் பின்னுதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். ரெட் டாட்டிலோ இருகண்ணும் திறந்திருக்கலாம். ஒளியை மிகுத்து வைத்தல் வைகறையில் தீது. புள்ளி பூத்துப் பரந்து தலையை மறைக்கும்.

தள்ளாக் கன்னம் கட்டையிற் படியத் தாழ வைத்து என்பது: விலகாத கன்னம் துப்பாக்கிக் கட்டையில் அழுந்துமாறு நோக்கியைத் தாழ்வாக அமைத்து. இச்சூத்திரத்தின் உயிர் இவ்வடியே என்க. வான்கோழி தப்புவது தொலைவால் என்று கற்பார் கருதுவர். அண்மையால் தப்பியவை பல. சேவல் 12 கெஜத்தில் வந்து நிற்க, அதனை நன்கு காணும் ஆவலால் வேட்டுவன் தலையைச் சற்றே தூக்குவான். கன்னம் கட்டையை விட்டது. கண் உயர்ந்தது, கண் உயரவே குழல்முனையும் உயர்ந்தது. குழல்வாயைக் குறுக்கும் சோக் இறுக்கமாகப் பூட்டிய குழலிலிருந்து ரவைத்திரள் அவ்வண்மையில் கைம்முட்டி அளவே விரிந்திருக்கும். அது முழுதும் தலைக்குமேல் போம். மணி ஒன்றே உடையான் இப்பிழையை அறியான். மணி பறவையின்மேல் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றும். ரெட் டாட்டிலோ தலை சிறிது பிறழினும் புள்ளி நின்ற இடத்தில் ரவை செல்லும்; மிகப் பிறழின் புள்ளியே மறைந்து பிழையை உணர்த்தும்.

இவ்வாறாயின் கன்னத்தைக் கூறியது மிகையன்றோ எனின், அன்று. நோக்கியை உயர வைத்தான் புள்ளியைக் காணத் தலையைத் தூக்கியே ஆகவேண்டும். கன்னம் படியவேண்டிய கட்டையில் தாடை படியும். பிழையைத் தீர்க்க வாங்கிய கருவி பிழையையே பழக்கும். தாழ்த்தும் வழி பல. துப்பாக்கியின் உடற்பகுதியிலேயே ஆடிக்கு இடம் கடைந்து வருவன உள. மாஸ்பெர்க் 940 புரோ டர்க்கி அவ்வகைத்து. இது தலை. மேலே துளையிட்டுத் திருகுபுரி வெட்டப்பட்டன சில. அவற்றில் தாழ்ந்த ரெயிலைப் பூட்டுக. விசைக்கூட்டின் ஊசிகளைப் பற்றி இருபுறமும் அணைக்கும் சேணத் தாங்கி துளையில்லாதவற்றுக்கு உதவும். ஆயின் உயரம் மிகும். குழலின் மேற்பட்டையைக் கவ்வும் தாங்கி தாழ்ந்தது, பிடிப்புக் குறைந்தது. எடை குறைந்த நோக்கிக்கே ஆம். உயரம் தவிர்க்க இயலாதவன் கட்டைமேல் கன்னத் திண்டு ஏற்றுக.

நெய்யறத் துடைத்துச் சூழ்ந்த அளவின் முறுக்குக திருகே என்பது: எண்ணெய் முற்றும் நீங்கத் துடைத்து, ஆராய்ந்து குறித்த அளவால் திருகை முறுக்குக. துப்பாக்கியில் தோட்டா இல்லையென்று கண்டபின் என்பதனைச் சூத்திரம் சொல்லிற்றிலது, சொல்லாமலே செய்யற்பாலதாகலின். துளையிலும் திருகிலும் ஆலையின் எண்ணெய் இருக்கும். சாராயம் தோய்த்த துணியால் அகற்றுக. பின் நீலத் திருகுப்பசை ஒருதுளி இடுக. சிவப்புப் பசை ஆகாது. அது சூடேற்றினாலன்றி விடாது. 'சூழ்ந்த அளவு' என்றது செய்தோர் குறிப்பேட்டில் தந்த அங்குல-பவுண்டு எண்ணை. அதனை டார்க் ரெஞ்ச் கொண்டே அறிக. கைவன்மையை நம்பி முறுக்குவார் அலுமினிய உடலின் புரியை அழிப்பர். திருகு நீளமாயின் உள்ளே தாழ்ப்பாளைத் தொடும். பூட்டியபின் வெறுந்துப்பாக்கியை இழுத்துத் தள்ளிப் பார்க்க. திருகுத்தலைக்கும் தாங்கிக்கும் குறுக்கே வண்ணக்கோடு ஒன்று வரைந்தால், நெகிழ்ச்சி பின்னர்க் கண்ணால் அறியப்படும்.

தாளிற் கண்ட செறிவின் நடுவே கோளுறப் புள்ளி கொணர்ந்த என்பது: தாளின்மேல் சுட்டுக் கண்ட ரவைச் செறிவின் நடுவோடு பொருந்தப் புள்ளியை நகர்த்திய. முதலில் 20 கெஜத்தில் எளிய தோட்டாவால் சுட்டு அண்மைப்படுத்துக. தோளும் பணமும் மிஞ்சும். பின் 40 கெஜத்தில், வேட்டைக்குரிய தோட்டாவாலேயே, அகன்ற தாளில் சுடுக. 'செறிவு' என்றதனால் ஓரத்துச் சிதறிய ரவைகளைக் கணக்கில் கொள்ளற்க. மிக நெருங்கிய இடத்தைச் சூழ 10 அங்குல வட்டம் வரைந்து எண்ணுவது வழக்கு. அதனுள் 100 ரவை இருத்தலை நன்றென்பர். வட்டத்தின் நடு புள்ளிக்கு 4 அங்குலம் கீழாக விழுந்ததாயின், சொடுக்கு ஒன்றுக்கு 1 எம்.ஓ.ஏ. நகரும் நோக்கியில் மேல்நோக்கி ஏறக்குறைய 10 சொடுக்குத் திருப்புக. ஒரு சுடுதல் சான்றாகாது. மூன்று தாள் ஒத்துவரின் நம்புக.

பின்னரே காடு புகுதல் கடனென மொழிப என்பது: அதன்பின் அல்லது காடு புகாமை வேட்டுவன் கடமை என்று கூறுவர். ஏகாரம் தேற்றம். டங்ஸ்டன் ரவை வந்தபின், அதன் அடர்த்தி ஈயத்தினும் மிக்கு கன சென்டிமீட்டருக்கு 18 கிராம் அளவினதாதலின், 60 கெஜத்தில் வீழ்த்தினேன் என்னும் பேச்சுப் பெருகிற்று. நோக்கி பொருத்தியது அதற்கு உரிமம் அன்று. 40 கெஜத்தில் தாள் காட்டியதே எல்லை. 'காடு' என்றதனால் பிற வேட்டுவரும் உளர் என்பது கொள்க: புதரில் அசைவது யாதென அறியத் துப்பாக்கியின் நோக்கியை உயர்த்தற்க, அதற்குக் கழுத்தில் பைனாகுலர் உண்டு. சேவலின் தலை சிவப்பும் வெளுப்பும் நீலமும் ஆகலின், அந்நிறத்து ஆடையும் அணியற்க.

சோக்கை மாற்றினாலும் தோட்டாவை மாற்றினாலும் செறிவின் நடு மாறும். அங்ஙனம் மாற்றினான் புதுத் தாள் விரித்து மீண்டும் சுட்டுப் பார்த்த பின்னரே காடு புகுக.