உயிரணுவின் நூலும் அதன் காவலர்களும்

பால் வெட்டும் கத்தி விரலில் பட்டுவிட்டால், சற்று நேரத்தில் இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் காயத்தை நோக்கி ஊர்ந்து வருகின்றன. காலில்லாத அணு எப்படி ஊர்கிறது? தன்னுள்ளே நூல் கோத்து, அந்த நூலால் தன் முன்புறத்தை உந்திக்கொண்டு ஊர்கிறது. அந்த நூலும் அதைக் கட்டுப்படுத்தும் புரதங்களும் தெரியவந்த வரலாற்றை இன்று நாம் பார்ப்போம்.

ஹங்கேரி நாட்டின் செகெட் நகரப் பல்கலைக்கழகத்தில், 1937-இல் நோபல் பரிசு பெற்ற ஆல்பர்ட் செந்த்-ஜியார்ஜி தசை சுருங்கும் விதத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலம் அது. அவருடன் பணியாற்றிய இலோனா பங்கா அம்மையார், முயல் தசையை உப்புநீரில் ஊறவைத்து மயோசின் என்னும் புரதத்தை எடுத்துவந்தார். 20 நிமிடம் ஊறியபோது நீர்த்திருந்த சாறு, இரவு முழுதும் ஊறியபோது கொழகொழவென்று கெட்டியாகியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டியிருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும். கொட்டவில்லை! மயோசினுடன் வேறொன்றும் கலந்து வந்திருப்பதை உணர்ந்து, 1942-இல் 28 வயதான புரூனோ ஸ்ட்ராப் அதைத் தனியே பிரித்தெடுத்தார். அதுவே ஆக்டின். போரினால் செய்தி வெளியுலகை எட்டத் தாமதமாயிற்று. ஹிட்லரின் ஆட்கள் தேடியதால் செந்த்-ஜியார்ஜி தலைமறைவாக வாழ நேர்ந்தது.

ஆக்டின் தனித்தனி மணிகளாக நீரில் இருக்கும். உப்புச் சேர்த்தால் மணிகள் கோத்துக்கொண்டு நூலாகும். ரப்பர் பாலில் திராவகம் ஊற்றியதும் உறைவதைப் போல என்று வைத்துக்கொள்வோம். ஆனால் உறைந்த பால் மீண்டும் பாலாகாது. ஆக்டின் நூலோ, உப்பை நீக்கினால் பழையபடி மணிகளாகும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் பங்காக்கினால், நூலின் தடிப்பு அதில் 7 பங்குதான்.

1966-இல் ஜப்பானியர்களான ஹத்தானோவும் ஓசாவாவும், தசையே இல்லாத ஒருவகைச் சளிப்பூஞ்சையிலிருந்து ஆக்டினைப் பிரித்தெடுத்தார்கள். இங்கேதான் புதிர் வலுத்தது. உயிரணுவுக்குள்ளும் உப்பு உண்டு. அப்படியானால் மணிகள் அநேகமாக எல்லாமே நூலாகிவிட வேண்டுமே! பல அணுக்களில் ஏறத்தாழப் பாதி மணிகள் கோக்கப்படாமலே இருக்கின்றன. தடுப்பது யார்?

1977-இல் சுவீடனில் ஊனோ லிண்ட்பெர்க் குழுவினர், கன்றின் மண்ணீரலிலிருந்து புரொபிலின் என்ற சிறு புரதத்தை எடுத்துக்காட்டினார்கள். இது மணியைப் பிடித்துக்கொண்டு, தானாகப் புது நூல் தொடங்க விடுவதில்லை; ஏற்கெனவே உள்ள நூலின் வளரும் முனையில் மட்டும் சேர்க்கிறது. மணிகளைச் சேமித்து வைப்பதில் தைமோசின் பீட்டா-4 என்பதற்கும் பெரும்பங்கு உண்டென்பது 1990-களில் தெரிந்தது. நூலின் முனைக்கு மூடியிடும் புரதமும், பழைய நூலைத் துண்டித்துப் பிரிக்கும் கோபிலின் வகைப் புரதங்களும் இடையிலே அறியப்பட்டன.

புது நூலைத் தொடங்கிவைப்பது எது? 1994-இல் அமெரிக்காவில் தாமஸ் பொலார்ட் குழுவினர், புரொபிலினையே தூண்டில் இரையாக வைத்து, அமீபாவிலிருந்து ஏழு புரதங்களின் கூட்டு ஒன்றைப் பிடித்தார்கள். அதன் பெயர் ஆர்ப் 2/3. பழைய நூலின்மேல் அமர்ந்து, மரக்கிளைபோல் புது நூலைக் கிளைக்கச் செய்வது அதன் வேலை. வெள்ளை அணு தன் முன்புறத்தை உந்துவது இந்தக் கிளைகளால்தான்.

இதைத் திருடிப் பிழைக்கும் கிருமியும் உண்டு. உணவு வழியே உடலில் புகும் லிஸ்டீரியா, கர்ப்பிணியின் சிசுவையும் தாக்கக்கூடியது. அது நம் அணுவின் ஆர்ப் 2/3-ஐக் கொண்டே தன் பின்னால் ஆக்டின் வால் வளர்த்து, அடுத்த அணுவுக்குள் பாய்கிறது. இரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களின் கையில் சிக்குவதில்லை. 1999-இல் பிரான்சில் மேரி-பிரான்ஸ் கார்லியே குழுவினர் அந்தக் கிருமியை உயிரணுவே இல்லாத கரைசலில் விட்டார்கள். ஆக்டின், ஆர்ப் 2/3, மூடியிடும் புரதம், நூல் பிரிக்கும் புரதம், எரிபொருளாக ஏ.டி.பி. இவ்வளவு போதுமானதாயிருந்தது, கிருமி ஓடத் தொடங்கியது. புரொபிலினும் சேர்ந்தபோது ஓட்டம் இன்னும் சிறந்தது. ஸ்ட்ராப் ஆக்டினைப் பிரித்து அப்போது 57 ஆண்டுகள் ஆகியிருந்தன.