ஓரை: ஒரு கிரேக்கச் சொல்லின் தாம்பரத்து வாழ்வு

தாம்பரம், சேலையூர், பல்லாவரம் வீடுகளில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டர்களில் ராகு காலம், எமகண்டம் ஆகியவற்றோடு ஓரைகளின் அட்டவணையும் இருக்கும். வெள்ளிக்கிழமை காலை 6 முதல் 7 வரை சுக்கிர ஓரை; பகல் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் அது திரும்ப வரும். நகை வாங்கவும் நல்ல பேச்சைத் தொடங்கவும் அந்த நேரத்துக்குக் காத்திருப்போர் ஏராளம். இந்த ‘ஓரை’ கிரேக்க மண்ணில் பிறந்த சொல்.

கிரேக்க மொழியில் ‘ஹோரா’ என்பது முதலில் பருவத்தையும் உரிய காலத்தையும் குறித்தது. ஹோமரின் காவியத்தில் ‘ஹோராய்’ என்ற பருவ தேவதைகள் ஒலிம்பசின் வாயிலைக் காக்கிறார்கள். பின்னாளில் அது பகலில் பன்னிரண்டில் ஒரு கூறைக் குறிக்கலாயிற்று. பகலைப் பன்னிரண்டாகப் பகுப்பதைக் கிரேக்கர் பாபிலோனியரிடம் கற்றனர் என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். எகிப்தியரோ பகலுக்குப் பன்னிரண்டு, இரவுக்குப் பன்னிரண்டு என்று வகுத்திருந்தனர். எகிப்தின் மணிக்கணக்கும் பாபிலோனின் கோள்கணக்கும் அலெக்சாந்தர் வெற்றிகளுக்குப் பிந்தைய கிரேக்க உலகில், அலெக்சாந்திரியா போன்ற நகரங்களில், ஒன்றுகூடின. ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோள் அதிபதி என்ற முறை அந்தக் கூட்டில் விளைந்தது.

அதன் வரிசை தற்செயலானதல்ல. வானத்தில் மெதுவாக நகரும் கோள் பூமியிலிருந்து தொலைவில் இருக்கிறது என்று அவர்கள் கருதினார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 29½ ஆண்டு எடுக்கும் சனி முதலில்; 27 நாளில் சுற்றிவிடும் சந்திரன் கடைசியில். இடையே குரு, செவ்வாய், சூரியன், சுக்கிரன், புதன்.

நம் வட்டாரத்து நவக்கிரகத் தலங்களைக் கொண்டே இதை எண்ணிப் பார்க்கலாம். சனிக்குப் பொழிச்சலூர், குருவுக்குப் போரூர், செவ்வாய்க்குப் பூந்தமல்லி, சூரியனுக்குப் போரூர் பக்கத்துக் கொளப்பாக்கம், சுக்கிரனுக்கு மாங்காடு, புதனுக்குக் கோவூர், சந்திரனுக்குச் சோமங்கலம். இதுதான் ஓரை வரிசை. சனிக்கிழமை முதல் மணி பொழிச்சலூருக்கு உரியது. ஏழு கோள்களும் மூன்று முறை சுற்றினால் 21 மணி. மீதி மூன்று மணிகள் பொழிச்சலூர், போரூர், பூந்தமல்லிக்குப் போகும். மறுநாள் முதல் மணி கொளப்பாக்கத்துக்கு. அதனால் அது ஞாயிறு. கொளப்பாக்கத்திலிருந்து அப்படியே எண்ணினால் அடுத்த நாள் சோமங்கலம்: திங்கள். அதற்கடுத்து பூந்தமல்லி: செவ்வாய்.

நாளின் முதல் ஓரைக்கு உரிய கோளே அந்த நாளுக்குப் பெயர் தருகிறது. திங்களுக்குப் பின் செவ்வாய் ஏன், செவ்வாய்க்குப் பின் புதன் ஏன் என்ற கேள்விக்கு விடை இந்த வகுத்தலின் மீதியில்தான் இருக்கிறது. கி.பி. 3ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் தியோ காசியுசும் கிழமை வரிசைக்கு இப்படி ஒரு விளக்கம் தருகிறார். குன்றத்தூரின் ராகுவுக்கும் கெருகம்பாக்கத்தின் கேதுவுக்கும் ஓரையும் இல்லை, கிழமையும் இல்லை. கிரேக்கர் கணக்கில் கோள்கள் ஏழே; அந்த இரண்டும் இந்திய மரபு சேர்த்தவை.

கிரேக்க ஹோரா நம் காலண்டர் போல அறுபது நிமிடத்தில் நிற்கவில்லை. சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பொழுதில் பன்னிரண்டில் ஒரு பங்கு அது. ஏதென்சில் ஜூனில் ஏறக்குறைய 74 நிமிடமும் டிசம்பரில் 48 நிமிடமும் வரும். தாம்பரத்தில் அதே பங்கு ஏறக்குறைய 64, 57 நிமிடங்கள். இங்கே வேறுபாடு சிறிது என்பதால், காலை 6 மணி உதயம் என்று வைத்து அச்சிடும் காலண்டர் பெரிதாகத் தவறுவதில்லை. நுட்பமாகப் பார்க்கும் சோதிடர்கள் இன்றும் அன்றைய உதயத்திலிருந்தே எண்ணுகிறார்கள்.

கிரேக்கச் சோதிடத்தைச் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்த பழைய நூல் ‘யவனஜாதகம்’. மையத்தைக் குறிக்கும் ‘கென்ட்ரோன்’ நம் ‘கேந்திரம்’ ஆனதும் இந்த வரவில்தான். கிழமை குறித்த மிகப் பழைய இந்தியக் கல்வெட்டுகளில் ஒன்று மத்தியப் பிரதேசத்து ஏரணில் உள்ள கி.பி. 484ஆம் ஆண்டுத் தூண் கல்வெட்டு. அது வியாழக்கிழமையைச் சொல்கிறது.

‘ஹோரா’ தமிழுக்கு வரும்போது ஹகரம் உதிர்ந்தது. சபா சபையானது போல ஈற்று ஆகாரம் ஐகாரமானது. சங்கப் பாடல்களில் மகளிர் விளையாட்டைக் குறிக்கும் ‘ஓரை’ வேறு சொல். தொல்காப்பியக் களவியல் நாளோடு சேர்த்துச் சொல்லும் ஓரை காலம் பற்றியது. அதைக் கிரேக்கச் சொல்லாகக் கொண்டு, நூலின் காலத்தைப் பின்தள்ளினார் எஸ். வையாபுரிப் பிள்ளை. அதற்குத் தமிழ் வேர் காட்டி மறுத்தவர்களும் உண்டு.

இப்படிச் சொந்த வேர் தேடும் ஆசை பழையது. 6ஆம் நூற்றாண்டு வராகமிகிரர் ‘அஹோராத்ர’ என்ற சொல்லின் முதலெழுத்தும் கடைசியெழுத்தும் போய் ‘ஹோரா’ வந்தது என்று ஒரு கருத்தைப் பதிவு செய்கிறார். ஆனால் ‘பிருகத் சம்ஹிதை’யில், யவனர் மிலேச்சர் ஆனாலும் இந்தச் சாத்திரம் அவர்களிடம் நன்கு நிலைபெற்றதால் முனிவர்போல் மதிக்கப்படுகிறார்கள் என்ற கூற்றையும் அவரே எடுத்தாள்கிறார். எனக்கு இரண்டாவது வராகமிகிரரே பெரியவர். ஓரை நல்லது செய்யும் என்று நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அதற்குள் இருக்கும் கணக்கு எல்லாருக்கும் பொது. கிழமைகளை ஒப்பிக்கக் கற்றுத்தரும் பள்ளிகள், 24ஐ ஏழால் வகுத்து மீதி மூன்றை வைத்து அந்த வரிசையைக் கண்டுபிடிக்கவும் சொல்லித்தர வேண்டும். ஞாயிறு, திங்கள், வெள்ளி என்று தூய தமிழ்ப் பெயரில் அழைக்கும் நாட்களின் வரிசை பல நாட்டு அறிவு சேர்ந்து செய்தது என்று தெரிந்து வளரும் பிள்ளை, அயலாரிடம் கற்பதை இழிவாக நினைக்காது.