டிராம்களுக்கு முன்னுரிமை: டொரன்டோ கிங் வீதித் திட்டம் செயல்படும் விதம்

கனடாவின் மிகப் பெரிய நகரமான டொரன்டோவின் மையப் பகுதியில் கிழக்கு மேற்காகச் செல்கிறது கிங் வீதி. நிதி நிறுவனங்கள், திரையரங்குகள், உணவகங்கள் நிறைந்த இச்சாலையில் கார்களைக் காட்டிலும் டிராம்களுக்கு முன்னுரிமை அளிக்கும் திட்டம் 2017-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. புதிய தண்டவாளமோ மேம்பாலமோ அமைக்காமல், போக்குவரத்து விதிகளை மாற்றியதன் மூலமே இது செயல்படுத்தப்பட்டது.

திட்டத்தின் பின்னணி

கிங் வீதியில் டிராம்கள் சாலையின் நடுப்பகுதியில், கார்கள் செல்லும் அதே தடத்தில் இயங்குகின்றன. திட்டத்துக்கு முன் வார நாள்களில் சுமார் 72,000 பேர் இந்த டிராம்களில் பயணம் செய்தனர். அதே பகுதியில் நாளொன்றுக்குச் சென்ற வாகனங்களோ சுமார் 20,000 மட்டுமே. எனினும், சாலையின் பெரும்பகுதியை வாகனங்களே அடைத்துக்கொண்டன. இடதுபுறம் திரும்புவதற்காக ஒரு கார் தண்டவாளத்தின் மீது காத்து நின்றால், பின்னால் வரும் டிராமும் நிற்க வேண்டியிருந்தது. டிராமால் விலகிச் செல்ல இயலாது என்பதால், நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள் ஒரே ஒரு காருக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்பட்டது.

நெரிசல் மிகுந்த நேரத்தில் மட்டும் டிராம்களுக்குத் தனித் தடம் ஒதுக்கும் விதி முன்பே இருந்தது. ஆனால், ஓட்டுநர்கள் அதைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

விதிகள் என்ன?

பாதர்ஸ்ட் வீதிக்கும் ஜார்விஸ் வீதிக்கும் இடைப்பட்ட சுமார் 2.6 கி.மீ. தொலைவில் 2017 நவம்பர் 12-ஆம் தேதி சோதனை முறையில் திட்டம் தொடங்கப்பட்டது. இப்பகுதிக்குள் கார்கள் நுழையத் தடையில்லை. ஆனால், பெரும்பாலான சிக்னல் சந்திப்புகளில் அவை நேராகச் செல்லக் கூடாது. வலதுபுறம் திரும்பிவிட வேண்டும். இடதுபுறம் திரும்பவும் அனுமதியில்லை. கனடாவில் வாகனங்கள் சாலையின் வலப்பக்கம் செல்வதால், எதிரே வரும் வாகனங்களைக் கடக்காமல் எளிதாகத் திரும்பக்கூடிய திசை வலதுதான்.

இதனால் வீதியில் உள்ள எந்தக் கடைக்கும் காரில் செல்லலாம்; ஆனால், வீதியைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்த முடியாது. சைக்கிள்கள், அவசர கால வாகனங்கள் ஆகியவற்றுக்கு இந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை டாக்சிகளும் நேராகச் செல்லலாம். விதியை மீறினால் 110 கனடிய டாலர் அபராதம் விதிக்கப்படுவதுடன், ஓட்டுநரின் பெயரில் இரண்டு தண்டப் புள்ளிகளும் பதிவாகும்.

நிறுத்தங்கள் இடம் மாறியது ஏன்?

முன்பு டிராம் நிறுத்தங்கள் சந்திப்புக்கு முன்பாக அமைந்திருந்தன. பயணிகளை ஏற்றி முடிப்பதற்குள் பச்சை விளக்கு மாறிவிட்டால், டிராம் இரண்டாம் முறையும் காத்திருக்க நேரிடும். புதிய திட்டத்தில் பல நிறுத்தங்கள் சந்திப்பைக் கடந்த இடத்துக்கு மாற்றப்பட்டன. டிராம் முதலில் சந்திப்பைக் கடந்து, பின்னர் பயணிகளுக்காக நிற்கிறது. சந்திப்புக்கு முன்னால் காலியான ஓரத் தடத்தை வலதுபுறம் திரும்பும் கார்கள் பயன்படுத்திக்கொள்கின்றன.

பயணிகள் காத்திருக்கும் இடமும் பாதுகாப்பானதாக மாறியது. முன்பு நடைபாதையிலிருந்து இறங்கி, ஒரு வாகனத் தடத்தைக் கடந்தே டிராமில் ஏற வேண்டியிருந்தது. இப்போது அந்த ஓரத் தடத்திலேயே தடுப்புகளுடன் காத்திருப்புப் பகுதி அமைக்கப்பட்டுள்ளது. இதற்காக வீதியோரம் இருந்த சுமார் 180 கார் நிறுத்தும் இடங்கள் நீக்கப்பட்டன.

பலனும் எதிர்ப்பும்

வார நாள்களில் பயணிகள் எண்ணிக்கை சுமார் 84,000 ஆக, அதாவது ஏறத்தாழ 17 சதவீதம் உயர்ந்ததாக மாநகர நிர்வாகத்தின் ஆய்வு தெரிவித்தது. மாலை நேரத்தில் மிகவும் தாமதமாகச் சென்ற டிராம்களின் பயண நேரம் சுமார் 5 நிமிடங்கள் குறைந்தது. டிராம்கள் வரும் இடைவெளி சீரானது.

உணவக உரிமையாளர்கள் சிலர், வாடிக்கையாளர் வருகை குறைந்துவிட்டதாகக் கூறி 2018-ஆம் ஆண்டு தொடக்கத்தில் போராட்டத்தில் ஈடுபட்டனர். கார் நிறுத்துமிடக் கட்டணத்தில் சலுகை அளிப்பது உள்ளிட்ட நடவடிக்கைகளை மாநகராட்சி மேற்கொண்டது. அட்டைப் பரிவர்த்தனைத் தரவுகளின்படி, வீதியில் வாடிக்கையாளர்களின் மொத்தச் செலவு குறையவில்லை; சற்றே உயர்ந்திருந்தது. எனினும், மொத்தக் கணக்கு ஒவ்வொரு கடையின் நிலையையும் காட்டாது என்பதால் வணிகர்களின் அதிருப்தி தொடர்ந்தது.

2019 ஏப்ரலில் நகர மன்றம் 22-3 என்ற வாக்கு வித்தியாசத்தில் திட்டத்தை நிரந்தரமாக்கியது.

கண்காணிப்பு குறைந்தால்...

கொரோனா காலத்துக்குப் பின் விதியைச் செயல்படுத்தும் பணி தளர்ந்தது. கார்கள் மீண்டும் சந்திப்புகளை நேராகக் கடக்கத் தொடங்கின. அருகிலுள்ள குயீன் வீதியில் மெட்ரோ ரயில் கட்டுமானப் பணி காரணமாக டிராம்கள் திருப்பிவிடப்பட்டதும் நெரிசலைக் கூட்டியது. 2023-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சந்திப்புகளில் போக்குவரத்து ஒழுங்குப் பணியாளர்கள் நிறுத்தப்பட்ட பின்னரே டிராம்களின் வேகம் மேம்பட்டது. அறிவிப்புப் பலகை ஒருமுறை வைத்தால் போதும். கண்காணிப்போ அன்றாடம் தேவைப்படும் பணி.

இந்தியாவில்...

சாலையில் யாருக்கு முதலிடம் என்ற கேள்வி இந்தியாவுக்கும் புதிதல்ல. 1895-இல் மின்சார டிராம் அறிமுகமான சென்னையில் அச்சேவை 1953-இல் நிறுத்தப்பட்டது. 1873-இல் குதிரைகள் இழுக்கும் டிராம்களுடன் தொடங்கிய கொல்கத்தா சேவையை, மைதான்-எஸ்பிளனேடு பாரம்பரிய வழித்தடம் தவிர்த்து நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது. நகரின் பரப்பில் சாலைகள் 6 சதவீதமே என்பதும், மெதுவாகச் செல்லும் டிராம்களால் நெரிசல் ஏற்படுகிறது என்பதும் அரசு தரப்பு வாதம். சாலை குறுகியது என்றால், ஒரே இடத்தில் அதிகம் பேரை ஏற்றிச் செல்லும் வாகனத்துக்கே முதலிடம் தர வேண்டும் என்பது டிராம் ஆதரவாளர்களின் வாதம். அந்த இரண்டாவது வாதத்தையே கிங் வீதியில் டொரன்டோ நடைமுறைப்படுத்திப் பார்த்தது.