உட்காராத பையன்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு பஸ் ஏறினால், சுற்றிச் சுற்றி மேலே போகும் ஜவ்வாது மலைப் பாதை. சாமைக் கொல்லை, பலா மரம், புளிய மரம் என்று ஜன்னலுக்கு வெளியே மலை நகர்ந்துகொண்டே வரும். சில வருஷங்களுக்கு முன்னால், அந்த மலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். பள்ளியின் பெயர் வேண்டாம். ஒரே அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்பு.

நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பையன் மட்டும் உட்காரவே இல்லை!

மூன்றாம் வகுப்பு. கையில் சிலேட்டு. ரெண்டு வரி எழுதுவான், எழுந்து ஜன்னலுக்கு ஓடுவான். வெளியே ஒரு ஆடு போனால் அதற்கு ஒரு விசில். திரும்பி வரும் வழியில் இன்னொருத்தன் சிலேட்டை எட்டிப் பார்த்து, விடையைச் சத்தமாகச் சொல்லிவிடுவான். (விடை சரி என்பதுதான் வேடிக்கை.)

''எப்படி சார் சமாளிக்கிறீங்க?'' என்றேன்.

''நான் எங்க சார் சமாளிக்கிறேன்? ஓடறவனை ஓடாதேன்னா நிக்கவா போறான்? தண்ணி மொண்டு வர்றது, சாக்பீஸ் கொடுக்கறது எல்லாம் அவன் வேலை. அஞ்சு கணக்குப் போட்டா, சாப்பாட்டு மணி அடிக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்!''

சென்னையில் இதே யோசனையைச் சொல்வதற்கு கன்சல்டேஷன் ஃபீஸ் வாங்குகிறார்கள். வேலையைச் சின்னச் சின்னதாக உடை, நடுவில் அசைய விடு, முடித்த கையோடு பாராட்டு... ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்கு வகுப்பறையில் செய்ய வேண்டியதாக நிபுணர்கள் சொல்வதில் பாதி இதுதான். அந்தப் பையனுக்கு ஏ.டி.எச்.டி.யா, வெறும் துறுதுறுப்பா என்பதை டாக்டர்தான் சொல்ல முடியும். நான் சொல்ல வந்தது பையனைப் பற்றிக்கூட இல்லை... அவன் உட்காரவேண்டிய பெஞ்சைப் பற்றி! அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம்ம மெட்ராஸுக்கு ஒரு முக்கிய ரோல் உண்டு.

1789. எழும்பூர். பட்டாளத்துச் சிப்பாய்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக கம்பெனி நடத்திய விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார், ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒருநாள் காலையில் குதிரையில் போகும்போது, ஒரு நாட்டுப் பள்ளிக்கூடம் கண்ணில் பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்கு வேறு வேறு பாடம். அடடா, இது நல்லா இருக்கே என்று, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார் பெல். அங்கிருந்த ஆசிரியர்கள் முகத்தைச் சுளித்தார்கள். 'இதெல்லாம் நடக்காது' என்றார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு மணலில் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கச் சொன்னார். அவன் சொல்லிக்கொடுத்துவிட்டான்!

நமக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. திண்ணைப் பள்ளியில் 'சட்டாம்பிள்ளை' என்றால் அதுதான். ஆனால், 1797-ல் பெல் லண்டனில் வெளியிட்ட சின்னப் புத்தகம் இதை 'மெட்ராஸ் முறை' என்று ஐரோப்பா முழுக்கக் கொண்டு போனது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்று ஒரு பள்ளி இன்றைக்கும் இருக்கிறது.

அதற்காகத் திண்ணைப் பள்ளியைச் சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். கவர்னர் தாமஸ் மன்றோ எடுத்த கணக்கு 1826-ல் வந்தபோது, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. ஆனால், படித்தவர்களில் பெண் பிள்ளைகள் மிக மிகச் சொற்பம். தீண்டாமைக்கு ஆளான சாதிகளுக்குப் பெரும்பாலும் திண்ணை ஏறவே அனுமதி இல்லை. தண்டனையோ கேட்கவே வேண்டாம். கோதண்டம் என்ற பெயரில், பையனைக் கயிற்றைப் பிடித்துத் தொங்க விடுவார்கள். மெட்ராஸ் முறையைப் போன்ற ஒன்றை இங்கிலாந்தில் பெரிதாக நடத்திய ஜோசப் லங்காஸ்டர் ஒன்றும் இளைத்தவரில்லை. அடிக்க மாட்டாராம். ஆனால், சேட்டை செய்கிறவன் கழுத்தில் கட்டையை மாட்டுவார். இல்லாவிட்டால், ஒரு கூடையில் உட்கார வைத்துக் கூரையிலிருந்து தொங்க விடுவார்!

நமக்கு வேண்டியது ஒரு விஷயம்தான். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் போக முடிந்தது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் ஊன்றிய பிறகு, ஒரே வயதுப் பிள்ளைகள், வரிசையாகப் பெஞ்ச், எல்லோருக்கும் ஒரே பக்கம், ஒரே நேரம் என்றாகிப்போனது. அந்தப் பெஞ்சில் உட்கார முடியாதவன் முதல் முறையாகத் தனியாகத் தெரிந்தான்.

டாக்டர்கள் கண்ணில் அவன் எப்போது பட்டான்? பெல்லின் புத்தகம் வந்த அடுத்த வருஷமே, 1798-ல், அலெக்சாண்டர் கிரைட்டன் என்ற மருத்துவர் எழுதினார், கவனத்தை நிறுத்தவே முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், பிறவியிலேயே சிலருக்கு அப்படி அமையும் என்று. வறட்டு லத்தீன் இலக்கணத்துக்கு முன்னால் பிரம்பும் பலிக்காது, கெஞ்சலும் பலிக்காது என்றும் சொன்னார். புத்திசாலி. பாதிப் பழியைப் பாடத்தின் மேல் போட்டாரே! 1902-ல் லண்டன் டாக்டர் ஜார்ஜ் ஸ்டில், இப்படிப்பட்ட 43 பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். அவர் வைத்த பெயர்தான் கொஞ்சம் இடிக்கிறது, 'ஒழுக்கக் கட்டுப்பாட்டில் குறை' என்றார். 1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி தலைவலிக்கென்று ஒரு மாத்திரை கொடுக்க, தலைவலி போனதோ இல்லையோ, பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தார்கள். 'கணக்கு மாத்திரை' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். ஏ.டி.எச்.டி. என்ற பெயர் வந்தது 1987-ல்தான்.

இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது. பெற்றோர் வளர்ப்புக் கோளாறு இல்லை, கொழுப்பும் இல்லை. உலக அளவில் நூறு பிள்ளைகளில் சுமார் ஐந்து பேருக்கு இருக்கிறது என்கிறது ஆராய்ச்சி. அதாவது, நாற்பது பேர் வகுப்பில் ரெண்டு பேர். அதில் ஒருத்தி ஓடாமல் ஆடாமல் ஜன்னலைப் பார்த்துக் கனவு கண்டுகொண்டிருக்கலாம். அவளை யாரும் கவனிக்கவே மாட்டார்கள்.

கனவு என்றதும் ஒரு பையன் ஞாபகம் வருகிறான். 1909, மயிலாப்பூர். மதனப்பள்ளியில் பிறந்து, அப்பாவோடு அடையாறுக்கு வந்த பதினாலு வயதுப் பையன். பாடம் ஏறாது. கேட்டால் மலங்க மலங்க விழிப்பான். மக்கு என்று வாத்தியார் தினமும் பிரம்பால் அடிப்பார், இல்லாவிட்டால் வராண்டாவில் நிற்க வைப்பார். நிற்க வைத்ததையே மறந்துவிடுவார்! சாயங்காலம் தம்பி வந்து கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போவான். அந்தப் பையன்தான் பிற்காலத்தில் ஜே.கிருஷ்ணமூர்த்தி. (உடனே அவருக்கும் ஏ.டி.எச்.டி. என்று கிளம்பிவிடாதீர்கள். செத்துப்போனவர்களுக்கு டயக்னோசிஸ் எழுதுவது ஒரு கெட்ட பழக்கம்.)

ஆனால், நம் கதையின் அடுத்த கண்ணி அவர் வழியாகத்தான் வருகிறது. மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் அவர் நிறுவிய ரிஷிவேலி பள்ளியின் கிராமக் கல்வி மையத்தில், பத்மநாப ராவ், ரமா தம்பதி ஒரு முறையை உருவாக்கினார்கள். சுற்றுவட்டார ஓராசிரியர் பள்ளிகளுக்காக. பாடப் புத்தகத்தைச் சின்னச் சின்ன அட்டைகளாகப் பிரித்தார்கள். எந்த அட்டைக்கு அடுத்து எது என்று சுவரில் ஓர் ஏணி. பிள்ளை தானே அட்டையை எடுத்து, செய்து முடித்து, அடுத்த படிக்குப் போகலாம்.

1990-களில் வேலூர் கலெக்டராக இருந்தவர் எம்.பி.விஜயகுமார். ஜவ்வாது மலையின் வடக்குப் பகுதி அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கொத்தடிமைத்தனத்திலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்கு அங்கே தனிப் பள்ளிகள் திறந்தார்கள். பத்து வயசுப் பிள்ளையை ஒண்ணாம் வகுப்புப் பெஞ்சில் உட்கார வைத்தால் உட்காருமா? வேறு வழி தேட வேண்டியிருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சி கமிஷனரானபோது, அந்தத் தேடல் அவரோடு வந்தது. ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகள். 2007 வாக்கில் மாநிலம் முழுக்க, சுமார் 37 ஆயிரம் பள்ளிகள்! அதுதான் செயல்வழிக் கற்றல்.

அந்த வகுப்புக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். பெஞ்ச் கிடையாது, பாய். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம். அட்டையை எடுக்க எழுந்து போக வேண்டும், எழுத சுவருக்குப் போக வேண்டும், ஏணியில் பார்க்க மறுபடியும் போக வேண்டும். யோசித்துப் பாருங்கள்... நடப்பதே பாடத்தின் ஒரு பகுதியாகிவிட்டால், நடக்கிறவன் எப்படிக் குற்றவாளி ஆவான்? ஒவ்வொரு வேலையும் சில நிமிஷம்தான், முடித்ததும் ஒரு படி ஏறிவிட்டோம் என்பது கண்ணெதிரே தெரியும். ஏ.டி.எச்.டி. என்ற வார்த்தையை நினைத்து யாரும் இதைச் செய்யவில்லை. கொத்தடிமைப் பிள்ளைக்கும் ஓராசிரியர் பள்ளிக்கும் வெட்டிய வாய்க்காலில் இவர்களுக்கும் தண்ணீர் பாய்ந்தது!

குறையும் இருந்தது. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ''ஒரே சந்தைக்கடை சார்'' என்று ஆசிரியர்கள் புலம்பினார்கள். சத்தம் அதிகமானால், கவனம் சிதறும் பிள்ளைக்குத்தான் முதல் கஷ்டம். அது நியாயமான புகார். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. அதிலும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துத்தான் பாடம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ன் கல்வி உரிமைச் சட்டத்தில் அடிக்கவும் கூடாது, மனதளவில் வதைக்கவும் கூடாது. 2013-ல் வந்த குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.க்கு இடம் உண்டு. ஆனால், 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வரிசைப்படுத்தும் 21 குறைபாடுகளில் அதன் பெயர் இல்லை! கண்டுபிடிக்க ஒரு பட்டியல், சலுகைக்கு வேறொரு பட்டியல். மலையிலிருந்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பையனைக் கூட்டிப் போகிற தகப்பனுக்கு இதை யார் விளக்குவது?

மலைப் பள்ளிக்கு வருவோம். கிளம்பும்போது வாத்தியார் சொன்னார், ''இங்க வரைக்கும் பிரச்னை இல்ல சார். ஆறாவதுக்கு வேற ஸ்கூல் போவணும். அங்க பெஞ்ச். நாப்பது நிமிஷத்துக்கு ஒரு பீரியடு. அதான்...'' முடிக்கவில்லை.

உள்ளே நம்மாள் ஐந்தாவது கணக்கைப் போட்டுவிட்டான் போலிருக்கிறது. வாசலில் தொங்கிய இரும்புத் துண்டை வெளுத்து வாங்கிவிட்டான். வாத்தியார் கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது.

''சரி, சரி... தட்டு எடுத்துக்கிட்டு வாங்க'' என்றார்.